பெற்றோர் பிரதிநிதியின் நன்றியுரை

அந்த இல்லத்தில் எல்லாரும் எல்லாருக்கும் உறவு. தலைவியைத் தலைவி என்று யாரும் சொல்வதில்லை, அக்காதான். அவரைவிட வயதில் மூத்த ஓய்வுபெற்ற நீதிபதிகூட அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார். சமையல் பார்ப்பவர் மாமா, வாசலில் காவலுக்கு நிற்பவர் அண்ணன், பெண்கள் கூடத்தில் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, துணி மாற்றுகிற அம்மாள் சித்தி. எழுந்து நடக்க முடியாமல், தன் வேலையைத் தானே செய்துகொள்ள முடியாமல் அங்கே வசிக்கிறவர்கள் எல்லாரும் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளில் சிலருக்குத் தலை நரைத்துவிட்டது என்பது வேறு விஷயம். இப்படி உறவுமுறையெல்லாம் ஒரே கூரைக்குக் கீழே வந்து உட்கார்ந்துகொண்டால் அப்புறம் யார் யாரைக் கேள்வி கேட்பது? சொந்த அக்காவைப் பார்த்து, நீ ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டவனுக்கு வீட்டில் என்ன பெயர் கிடைக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

நம்முடைய ஆள் அங்கே டிரைவர் தம்பி. வேலைக்காலம் முழுவதும் நகரப் பேருந்து ஓட்டி, கிளட்சை மிதித்து மிதித்தே இடுப்பைத் தேய்த்துக்கொண்டு ஓய்வு பெற்றவர். அவருடைய மகள் பெண்கள் கூடத்தில் இருந்தாள். முப்பது வயதைத் தாண்டியும் அவள் பாப்பாதான். பேச்சு கிடையாது, நடை கிடையாது. ஆனால் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள், யாருக்குத் தன்னைப் பிடிக்கும், யாருக்குப் பிடிக்காது என்பதெல்லாம் நன்றாகத் தெரியும். சிரிக்க ஆரம்பித்தால் கட்டிலே ஆடும்.

அவளை அங்கே கொண்டுவந்து விட வேண்டும் என்று அவர் ஆசைப்படவில்லை. மனைவி இருந்த வரைக்கும் பாப்பா வீட்டில்தான் இருந்தாள். மனைவி போன பிறகும் இரண்டு மாதம் வைராக்கியமாக ஓட்டிப் பார்த்தார். ஒருநாள் காலையில் அவளைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போகும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது, இரண்டு பேரும் விழுந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் கேட்டு வருகிற வரைக்கும் தரையிலேயே கிடந்தார்கள். அவர் அழுதார், பாப்பா சிரித்தாள். அப்பாவும் தன்னோடு தரையில் வந்து படுத்தது அவளுக்கு விளையாட்டாகத் தோன்றியிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு இல்லமாக ஏறி இறங்கினார். ஒரு இடத்தில் சின்னப் பிள்ளைகளை மட்டும்தான் சேர்ப்போம் என்றார்கள். இன்னொரு இடத்தில் நடக்கத் தெரிந்தவர்களை மட்டும்தான் என்றார்கள். நடக்கத் தெரிந்திருந்தால் நான் ஏனய்யா இங்கே வருகிறேன் என்று கேட்டுவிட்டு வந்தார். அக்கா ஒருவர்தான் எந்தச் சான்றிதழும் கேட்கவில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "பாப்பாவுக்கு என்ன பிடிக்கும் தம்பி?" பேருந்துச் சத்தம் பிடிக்கும் என்றார் இவர். தெருவைப் பார்த்த ஜன்னலோரக் கட்டில் பாப்பாவுக்குக் கிடைத்தது. அன்றைக்கு அவர் அக்காவுக்கு எழுதிக்கொடுத்துவிட்டார், தன்னைத்தான்.

இதைச் சொல்லாமல் மேலே போனால் அக்காவுக்கு நியாயம் செய்ததாக ஆகாது. நிஜமாகவே நல்ல மனுஷி. தன் சொந்த வீட்டை இல்லமாக்கிவிட்டுப் பின்கட்டில் ஒரு அறையில் இருந்தார். கெட்டவர்கள் நடத்துகிற இடத்தில் ஒரு வசதி உண்டு, மனசாரத் திட்டலாம். இங்கே அதுவும் இல்லை. டாக்டர் சம்பளம் வாங்காமல் வந்து பார்த்துவிட்டுப் போகிறவர். நீதிபதி தன் ஓய்வூதியத்திலிருந்து கொடுக்கிறவர். செயலாளர் அக்காவின் தங்கை மகன், இருந்த வேலையை விட்டுவிட்டு வந்து உழைப்பவர். சும்மா செய்கிறவர்களைப் பார்த்து, நீங்கள் செய்வது சரியில்லை என்று எந்த வாயால் சொல்வது?

நிர்வாகக் குழுவில் ஒரு பழக்கம் இருந்தது. அங்கே வாக்கெடுப்பு கிடையாது. ஆரம்ப காலத்தில் ஏதோ ஒரு விஷயத்துக்குக் கையைத் தூக்கி எண்ணப்போய், தோற்றவர் கோபித்துக்கொண்டு போனவர் போனவர்தானாம். அக்கா அன்றைக்கு அழுதுவிட்டு, இது குடும்பம், குடும்பத்தில் யாரும் கையைத் தூக்குவதில்லை என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து கைதட்டல்தான். அக்கா விஷயத்தைச் சொல்வார். கடைசியில் "என்ன, சரிதானே?" என்பார். எல்லாரும் கைதட்டுவார்கள். செயலாளர் ஏகமனதாக நிறைவேறியது என்று எழுதிக்கொள்வார். நீதிபதி பெரும்பாலும் தூக்கத்தில் இருப்பார், தட்டல் சத்தத்தில் விழித்துக்கொண்டு அவரும் தட்டுவார். காலமெல்லாம் தீர்ப்புச் சொல்லிக் களைத்தவர், பாவம்.

டிரைவர் அந்தக் குழுவுக்குள் வந்தது இப்படித்தான். உதவி செய்கிற ஒரு பெரிய அமைப்பின் ஆட்கள் பார்வையிட வந்தபோது, உங்கள் குழுவில் பெற்றோர் யாராவது இருக்கிறார்களா, அவர்கள் குரல் எங்கே கேட்கிறது என்று கேட்டுவிட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைப் பார்க்க வந்தவர்கள் கூடியிருந்த இடத்தில் அக்கா சுற்றும்முற்றும் பார்த்து, "டிரைவர் தம்பி, நீங்க வாங்க" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். தேர்தல் முடிந்தது. ஒப்புக்குச் சப்பாணி என்று சொல்வார்கள், அந்த இல்லத்தில் அந்தச் சொல்லை யாரும் வாயில் எடுக்கமாட்டார்கள், ஆனால் அவருக்குக் கிடைத்தது அந்த இடம்தான். அவருக்கென்று ஒரு வேலையும் ஒதுக்கினார்கள். கூட்டத்தின் கடைசியில், எல்லாத் தீர்மானமும் முடிந்த பிறகு, பெற்றோர் சார்பில் நன்றியுரை. அக்காவுக்கு நன்றி, டாக்டருக்கு நன்றி, நீதிபதி ஐயாவுக்கு நன்றி, டீ கொடுத்த மாமாவுக்கு நன்றி. இப்படி அவர் வாய் திறக்கிற நேரத்தில் முடிவு செய்வதற்கு அங்கே எதுவும் மிச்சம் இருக்காது.

இப்போது மாத்திரை விஷயத்துக்கு வருவோம்.

பெண்கள் கூடத்தில் முன்பு இரண்டு பேர் வேலை பார்த்தார்கள். ஒருத்தி கல்யாணமாகிப் போனாள், அந்த இடத்துக்கு வேறு ஆள் வரவில்லை. கூடம் முழுவதும் சித்தியின் ஒற்றைத் தலையில் விழுந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு பெண்கள் கத்திக் கூப்பாடு போட்டுச் சுவரில் தலையை இடித்துக்கொள்வார்கள், அவர்களுக்காக டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். நியாயமான மாத்திரைதான். அவர்கள் தூங்கினார்கள், கூடம் அமைதியானது. அப்புறம் பக்கத்துக் கட்டிலுக்கும் எழுதினார். அப்புறம் எதிர்வரிசைக்கு. ஒரு கட்டத்தில் கூடத்தில் எல்லாருக்கும் மாத்திரை என்றாகிவிட்டது. அதற்கு மத்தியான ஓய்வு என்று பெயர். யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்ததில்லை. ஆள் போடக் காசில்லை, மாத்திரை இலவசமாக வந்தது, அவ்வளவுதான்.

பார்வை நேரம் ஞாயிறு காலையில் என்பதால் வெளியாட்கள் யாருக்கும் இது தெரியாது. டிரைவருக்குத் தெரிந்ததே தற்செயலாகத்தான். ஒரு வாரநாள் மத்தியானம் பாப்பாவுக்குப் புதுப் போர்வை கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வந்தார். மின்விசிறிச் சத்தத்தைத் தவிர கூடத்தில் ஒரு சத்தம் இல்லை. எல்லாரும் வாயைத் திறந்தபடி கிடந்தார்கள். பாப்பாவைத் தட்டினார், உலுக்கினார். கண்ணிமை பாதி திறந்து மறுபடி மூடிக்கொண்டது. அவர் சித்தியைக் கூப்பிட்டார். சித்தி விஷயத்தைச் சொன்னார். தானும் செயலாளரிடம் சொல்லிப் பார்த்துவிட்டதாகவும், பார்க்கலாம் என்ற பதில்தான் வந்தது என்றும் சொன்னார்.

டிரைவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, பாப்பாவுக்குக் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

"பாப்பாவுக்கு மட்டுமா?" என்றார் சித்தி.

"இப்போதைக்கு."

சித்தி அவரை ஒரு பார்வை பார்த்தார். அன்றிலிருந்து பாப்பாவின் மாத்திரை சாக்கடைக்குப் போனது. அடுத்த தடவை அவர் வந்தபோது கூடம் முழுக்கப் பிணம் போலத் தூங்கிக்கொண்டிருந்தது, பாப்பா மட்டும் ஜன்னல் வழியாகப் பேருந்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. பேருந்தில் வீட்டுக்குத் திரும்பும்போது, நான் பிரதிநிதி, மற்ற கட்டில்களுக்கும் நான்தானே பிரதிநிதி என்று ஒரு எண்ணம் வந்தது. நிறுத்தம் வந்ததும் அவர் இறங்கினார், எண்ணம் வண்டியோடு போய்விட்டது.

வழக்கமாக அரசாங்கத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறவர்கள் சொல்லிவிட்டுத்தான் வருவார்கள். சொன்ன தேதிக்குள் சுவருக்கு வெள்ளையடித்து, பிள்ளைகளுக்குப் புதுத் துணி போட்டு, வாசலில் வரவேற்பு எழுதி எல்லாம் ஆகிவிடும். இந்தத் தடவை புதிதாக வந்திருந்த ஒரு அதிகாரி அம்மாள் சொல்லாமல் கொள்ளாமல் மத்தியானத்தில் வந்து நின்றார். ஏன் எல்லாரும் தூங்குகிறார்கள் என்று சித்தியைக் கேட்டார். சித்தி சொல்லிவிட்டார். கேட்டதற்குப் பதில் சொல்லக்கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

அதிகாரி விளக்கம் கேட்டுவிட்டுப் போனார். இல்லம் இழவு வீடு போல ஆகிவிட்டது. அக்கா அன்றைக்குச் சாப்பிடவில்லை. பெண்கள் கூடத்துக்கு வந்து, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தங்கச்சி என்று சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். செயலாளரிடம் சொன்னேனே என்று சித்தி சொன்னார். அக்கா கூட வந்திருந்த செயலாளரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்துபோனது, ஏனென்றால் தங்கை மகனை நாலு பேருக்கு முன்னால் கேள்வி கேட்கிற வழக்கம் அக்காவுக்கு இல்லை.

குழுக் கூட்டத்துக்குத் தேதி வைத்தார்கள். அதற்கு முந்தின ஞாயிறு, டிரைவர் பாப்பாவுக்குத் தலைவாரிக்கொண்டிருக்கும்போது சித்தி பக்கத்தில் வந்து நின்றார். தன்னை அனுப்பப் போகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. புருஷன் இல்லாதவர், தங்குவதும் சாப்பிடுவதும் அங்கேயேதான்.

"எனக்காக நீங்க எதுவும் பேச வேணாம்," என்றார். "நீங்க ஒருநாள் மத்தியானம் வந்தீங்க, எல்லாரும் தூங்கிட்டு இருந்ததைப் பார்த்தீங்க. அதை மட்டும் சொல்லுங்க. நான் பொய் சொல்லலைன்னு தெரிஞ்சா போதும்."

சொல்கிறேன் என்றார் டிரைவர். பாப்பாவின் தலையில் கை வைத்தபடிதான் சொன்னார், சத்தியம் மாதிரியே இருந்தது. வீட்டுக்குப் போய் நாலைந்து நாள் ஒத்திகையும் பார்த்தார். துணி துவைக்கும்போது பார்த்தார், படி ஏறும்போது பார்த்தார். அக்கா சித்தியின் பேச்சை எடுத்ததும் எழுந்துவிட வேண்டும், கைதட்டலுக்கு முன்னால் பேசிவிட வேண்டும். இதுதான் திட்டம். ஒரு பேருந்து நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு மழையில் மலைப்பாதை இறங்கினவருக்கு இது ஒரு பெரிய விஷயமா என்று தன்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டார்.

கூட்டம் அக்காவின் அறையில் நடந்தது. நீளமான மேஜை, சுவர் முழுக்க நன்கொடையாளர்கள் படம், தட்டில் பிஸ்கட். முதலில் கூரை ஒழுகுவது பற்றி. கைதட்டல். அடுத்து சக்கர நாற்காலி கொடுத்தவருக்குப் பாராட்டு. கைதட்டல். சமையலறைக்குப் புது அடுப்பு. கைதட்டல். டிரைவர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். அக்காவின் குரல் இறங்கியது.

"நம்ம வீட்டு விஷயம் வெளியில போனது எனக்கு மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு. அந்தத் தங்கச்சி மேல எனக்குக் கோபம் இல்லை. ஆனா நம்பிக்கை போன இடத்துல அவங்களாலயும் நிம்மதியா இருக்க முடியாது. மாசக் கடைசியோட அனுப்பிடலாம். அதுக்குள்ள அவங்களுக்கு வேற ஒரு இடம் நானே பார்த்துத் தரேன். என்ன, சரிதானே?"

கைதட்டல் எழுந்தது. டிரைவர் வாயைத் திறந்தார். திறந்தவர் கீழே பார்த்தார். அவருடைய இரண்டு கையும் மற்றவர்களோடு சேர்ந்து தட்டிக்கொண்டிருந்தன. அவர் தட்டவில்லை, சத்தியமாகத் தட்டவில்லை. இத்தனை கூட்டத்தில் தட்டித் தட்டிப் பழகிய கை, "சரிதானே" என்ற சொல் காதில் விழுந்ததும் அதுபாட்டுக்கு எழுந்துகொண்டது. சட்டென்று நிறுத்தி, கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். செயலாளர் எழுதி முடித்துவிட்டார்.

"அடுத்தது நன்றியுரை," என்றார் அக்கா. "டிரைவர் தம்பி."

எழுந்து நின்றார். எல்லாரும் கிளம்புகிற முகத்தோடு அவரைப் பார்த்தார்கள். டாக்டர் கடைசி பிஸ்கட்டை எடுத்தார்.

"நான் ஒருநாள் மத்தியானம் வந்தேன்," என்றார் டிரைவர்.

நன்றியுரை இப்படி ஆரம்பிப்பதில்லையே என்று நீதிபதி நிமிர்ந்தார்.

"கூடத்துல எல்லாரும் தூங்கிட்டு இருந்தாங்க. எழுப்பினாலும் எழுந்திருக்கலை. ரெண்டு மூணு தடவை வந்து பார்த்திருக்கேன். சித்தி அந்த அதிகாரியம்மாகிட்ட சொன்னது பொய் இல்லை அக்கா. எல்லாருமே தூங்கிட்டுதான் இருந்தாங்க. எங்க பாப்பா மட்டும்தான் முழிச்சிட்டு இருந்தா."

சொல்லிவிட்டார். உடம்பு லேசானது போல இருந்தது. அறையில் யாரும் கோபப்படவில்லை. அக்கா அவரை அக்கறையோடு பார்த்தார். அவர் அடுத்துக் கேட்டதில் வக்கீல் புத்தி எதுவும் கிடையாது, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"பாப்பா மட்டும் ஏன் தம்பி முழிச்சிருந்தா?"

ஒத்திகையில் இந்தக் கேள்வி வரவே இல்லை. பொய் சொல்லியிருக்கலாம், பாப்பாவுக்கு மருந்து ஏறுவதில்லை என்று ஏதாவது உளறியிருக்கலாம். ஆனால் ஒரு உண்மையைச் சொல்ல எழுந்து நின்றவருக்கு உடனே ஒரு பொய் வாயில் வரவில்லை.

"பாப்பாவுக்குக் கொடுக்க வேணாம்னு நான்தான் சித்திகிட்ட சொல்லியிருந்தேன்."

டாக்டர் பிஸ்கட்டைத் திரும்பத் தட்டில் வைத்தார். "நான் எழுதின மருந்தையா?"

அதற்குப் பிறகு நடந்ததில் டிரைவருக்குப் பங்கில்லை. அவரைச் சுற்றித்தான் நடந்தது, ஆனால் அவர் தலைக்கு மேலாக. டாக்டர் எழுதிய மருந்தைக் கொடுக்காமல் நிறுத்தியிருக்கிறாள் என்றார் ஒருவர். திடீரென்று வலிப்பு வந்திருந்தால் யார் பொறுப்பு என்றார் டாக்டர், அவர் கேட்டதில் நியாயம் இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒரு பிள்ளைக்கு நிறுத்தினவள் இன்னும் எத்தனை பிள்ளைக்கு நிறுத்தினாளோ, யாருக்குத் தெரியும் என்றார் செயலாளர். அவர் குரலில் தெம்பு வந்திருந்தது. நீதிபதி முழுசாக விழித்துக்கொண்டு, இது நம்பிக்கை சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை, இது அலட்சியம் என்று திருத்தினார். நான்தான் சொன்னேன், தப்பு என்மேல்தான் என்று டிரைவர் இரண்டு தடவை சொன்னார். நீங்கள் தகப்பன், உங்களுக்குப் பாசம், அவளுக்கு அறிவு எங்கே போனது என்று பதில் வந்தது. பாசத்தை ஒருவர் மேல் போர்த்திவிட்டால் அவர் வாயையும் சேர்த்து மூடிவிடலாம் போல.

மாசக் கடைசி வரைக்கும் வைத்துக்கொள்வது பிள்ளைகளுக்கு ஆபத்து என்று முடிவாயிற்று. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னைக்கே அனுப்பிடலாம். என்ன, சரிதானே?" என்றார். கைதட்டல் மெதுவாக வந்தது. டிரைவர் நாற்காலியின் முதுகை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார், இந்தத் தடவை தட்டவில்லை. செயலாளர் ஏகமனதாக என்று எழுதினார்.

எழுதிவிட்டு அவர் இன்னொன்றும் சொன்னார். அதிகாரிக்கு என்ன விளக்கம் கொடுப்பது என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தோம், இப்போது தெளிவாகிவிட்டது என்றார். மருந்து கொடுப்பதில் ஒரு பணியாளர் தவறு செய்தார். பெற்றோர் பிரதிநிதியே அதைக் குழுவில் சுட்டிக்காட்டினார். குழு உடனே நடவடிக்கை எடுத்தது.

நான் அப்படிச் சொல்லவில்லையே என்றார் டிரைவர். அக்கா எழுந்து வந்து அவர் தோளைத் தொட்டார்.

"மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க தம்பி. உங்க பேர்ல தப்பு வரும்னு தெரிஞ்சும் எந்திரிச்சுச் சொன்னீங்களே. இதுக்குத்தான் பெற்றோர்ல ஒருத்தர் குழுவுல இருக்கணும்னு சொல்றது."

எல்லாரும் அவருக்காகக் கைதட்டினார்கள்.

சித்தி பெண்கள் கூடத்துக்குப் பின்னால் உள்ள சின்ன அறையில் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். விஷயம் அதற்குள் வந்து சேர்ந்துவிட்டது. டிரைவர் வாசலிலேயே நின்றார். காலில் விழலாமா என்று தோன்றியது, விழுந்தால் எழுப்பிவிடுவதும் அந்த அம்மாளின் வேலையாகிவிடும். நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னார், கை தட்டியதையும் சேர்த்து. சித்தி மடிப்பதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டார்.

"நீங்க பார்த்ததைச் சொல்லிட்டீங்க," என்றார். "நான் கேட்டது அதுதானே."

அவர் திட்டியிருந்தால் டிரைவருக்கு வீட்டுக்குப் போய் ஒரு வாய்ச் சோறு இறங்கியிருக்கும். சித்தி பையை மூடிவிட்டு, பாப்பாவுக்கு வலது பக்கமாக ஊட்டினால் புரையேறும், புது ஆளிடம் சொல்லிவையுங்கள் என்றார். எங்கே போவீர்கள் என்று கேட்டதற்கு, தங்கச்சி வீடு இருக்கிறது, கொஞ்ச நாளைக்கு முகம் சுளிக்காமல் இருப்பார்கள் என்றார். காவல்கார அண்ணன் பையை வாங்கித் தெருமுனை வரைக்கும் கொண்டுபோய்க் கொடுத்தார்.

டிரைவர் சும்மா இருந்துவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். அதிகாரி அம்மாளின் அலுவலகத்தைத் தேடிப் போனார். அவர் மரியாதையாக உட்காரச் சொன்னார். உங்கள் இல்லத்தின் விளக்கத்தைப் படித்தேன், பெற்றோரே தட்டிக்கேட்கிற இடத்தை நான் அதிகம் பார்த்ததில்லை என்று பாராட்டினார். டிரைவர் பதறிப்போய், நடந்தது அது இல்லை என்று ஆரம்பத்திலிருந்து சொன்னார். அந்த அம்மாள் கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டார். உங்கள் பெயரில் புகாராக எழுதிக்கொடுங்கள், நான் திரும்பவும் விசாரிக்கிறேன் என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, விசாரணை முடிகிற வரைக்கும் உங்கள் மகளை எங்கே வைத்துக்கொள்வீர்கள் என்று கேட்டார். நீங்கள் ஒரு இடம் கொடுக்க முடியுமா என்றார் இவர். அப்படி எங்களிடம் இடம் எதுவும் இல்லை ஐயா என்றார் அவர். நேர்மையான பதில். எழுதுவதற்குக் கொடுத்த வெள்ளைத்தாளை மேஜையிலேயே வைத்துவிட்டு டிரைவர் எழுந்து வந்தார்.

வீட்டுக்கு வந்து மாடிப்படியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தன் ஒற்றை அறையைப் பார்த்தார், குளியலறை நிலைப்படியைப் பார்த்தார், தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி திரும்புகிற மாதிரி இல்லை.

அந்த வாரமே இல்லத்திலிருந்து போன் வந்தது, அக்காவே பேசினார். புதுப் பெண் வந்து இரண்டு நாளாகிறது, பாப்பா அவள் கையால் எதையும் வாங்க மாட்டேன் என்கிறாள், கொஞ்சம் வந்துவிட்டுப் போங்கள் தம்பி என்றார். டிரைவர் போனபோது மத்தியானச் சாப்பாடு முடிந்திருந்தது. மற்ற கட்டில்களில் தூக்கம் தொடங்கிவிட்டது. பாப்பாவின் கட்டில் ஓரத்தில் அக்கா உட்கார்ந்திருந்தார். முட்டிவலியோடு பின்கட்டிலிருந்து நடந்து வந்து, தன் கையாலேயே அவளுக்கு ஊட்டி முடித்து, வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார். இனிமேல் இவளுக்கு மட்டும் நானே வந்து கொடுக்கிறேன், வேறு யாரையும் நம்பப் போவதில்லை என்றார். சொன்னதைச் செய்கிற மனுஷி.

சாப்பாட்டை எப்படியோ வாங்கிக்கொண்டாள், மாத்திரைக்குத்தான் பல்லைக் கடிக்கிறாள் என்றார் அக்கா. அது அவர் உள்ளங்கையில் இருந்தது. தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, கழுத்து நரம்பு புடைக்கப் பாப்பா வாயை மூடிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

இது வேண்டாம் அக்கா என்று சொல்ல டிரைவர் வாயெடுத்தார். சொல்லவும் செய்தார், ஆனால் அது அவர் காதுக்கே கேட்கவில்லை. டாக்டர் இப்போது குறைத்துத்தான் எழுதியிருக்கிறார், சித்தி போன ஏக்கத்தில் ராத்திரியெல்லாம் அழுகிறாள், பிள்ளை நிம்மதியாகத் தூங்கட்டுமே என்றார் அக்கா. அவர் கண்ணும் கலங்கியிருந்தது. பொய்க்கண்ணீராக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

"தலையைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க தம்பி," என்றார் அக்கா.

டிரைவர் கட்டிலின் தலைமாட்டுக்குப் போனார். குனிந்து, இரண்டு உள்ளங்கையாலும் மகளின் கன்னத்தைப் பிடித்தார். பாப்பா திமிறினாள். பிடித்திருப்பது யார் என்று கண்ணை மேலே உருட்டிப் பார்த்தாள். அப்பா என்று தெரிந்ததும் வாயைத் திறந்தாள்.